அவ்வாவின் தெலுங்கை நிறுத்தச் சொல்லாதீர்கள்

ராஜபாளையத்தில் பழையபாளையம், புதுப்பாளையம் பக்கம் பிறக்கும் பல குழந்தைகளின் காதில் முதலில் விழுவது தெலுங்கு. தெருவில் இறங்கினால் தமிழ். மூன்று வயதில் வேன் ஏறிப் போகும் பள்ளியில் ஆங்கிலம். விஜயநகர, நாயக்கர் காலங்களில் தெற்கே வந்து குடியேறிய ராஜூ சமூகத்தினர் இத்தனை நூற்றாண்டு கழிந்தும் வீட்டுக்குள் தெலுங்கை விடவில்லை. அந்தத் தெலுங்கு பேச்சில் மட்டும் வாழ்கிறது. கடிதமும் கணக்கும் கல்யாணப் பத்திரிகையும் தமிழில்தான். 1949 முதல் 1952 வரை சென்னை மாகாண முதல்வராக இருந்த பூ.ச. குமாரசாமி ராஜா இந்த ஊர்க்காரர். பக்கத்திலுள்ள ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் தெலுங்கோடு பழைய உறவு உண்டு. கிருஷ்ணதேவராயர் எழுதிய ‘ஆமுக்தமால்யதா’ என்ற தெலுங்குக் காவியம் ஆண்டாளின் கதை. அது நடக்கும் ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். சுற்றுவட்டாரத்தில் நாயுடு, ரெட்டியார், அருந்ததியர் வீடுகள் பலவற்றிலும் தெலுங்கு கேட்கும். தமிழ்நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டால், 2011 கணக்கெடுப்பில் தெலுங்கைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் 42 லட்சத்துக்கும் மேல்.

இந்த ஊர்களில் இரண்டு மொழியில் வளர்வதை யாரும் ஒரு திறமையாகப் பேசுவதில்லை. பிள்ளை அவ்வாவை, அதாவது பாட்டியைப் பார்த்துத் தெலுங்கில் ‘ரா’ என்கிறது, எதிர்வீட்டு அக்காவைப் பார்த்து ‘வா’ என்கிறது. அதில் யாருக்கும் வியப்பில்லை.

பிள்ளைக்குப் பேச்சு தாமதமாகும்போதுதான் அந்த வீட்டில் மொழி ஒரு பிரச்சினையாகிறது. மூன்று வயதாகியும் நான்கைந்து சொல்லுக்கு மேல் வரவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருக்கிறான். மதுரைக்குக் கூட்டிப்போகிறார்கள், ஆட்டிசம் என்று சொல்கிறார்கள். அந்தச் சொல்லின் பின்னாலேயே ஓர் அறிவுரையும் வந்துவிடுகிறது. சொந்தக்காரர் சொல்வார், பள்ளியில் சொல்வார்கள், சில நேரம் மருத்துவரே சொல்வார்: “வீட்டுல ரெண்டு மூணு மொழி பேசாதீங்க. ஏற்கெனவே பேச்சு வராத பிள்ளை, குழம்பிப் போயிடுவான். ஒரே மொழியில பேசுங்க.” அந்த ஒரே மொழி எது என்ற கேள்விக்குப் பள்ளியின் மொழி என்பதே பெரும்பாலும் பதில். அன்று முதல் அந்த வீட்டில் தெலுங்கு நிற்கிறது. அவ்வாவுக்குத் தமிழ் தெரியாமல் இல்லை. கடையில் பேரம் பேச, பக்கத்து வீட்டோடு சண்டை போடத் தாராளமாக வரும். பேரனை மடியில் போட்டுக் கொஞ்சத்தான் அந்தத் தமிழ் வராது. ஒரு மாதத்தில் அவ்வா பேரனிடம் பேசுவதைக் குறைத்துக்கொள்கிறார்.

அந்த அறிவுரை தவறு. அதைத் தாங்கும் ஆதாரம் ஆய்வுகளில் இல்லை. எதிரான ஆதாரம்தான் சேர்ந்துகொண்டே வருகிறது. நல்லெண்ணத்தோடு சொல்லப்பட்டாலும் அது குழந்தைக்கு நன்மை செய்வதில்லை.

இரு மொழி மூளையைக் குழப்பும் என்ற எண்ணத்துக்கு நூறு வயது ஆகிறது. வேல்ஸ் நாட்டில் டி.ஜே. சேர் என்பவர் 1923இல் வெளியிட்ட ஆய்வு, வெல்ஷும் ஆங்கிலமும் பேசும் பிள்ளைகள் அறிவுத்திறன் தேர்வில் பின்தங்குகிறார்கள் என்றது. அந்தப் பின்னடைவு கிராமப் பிள்ளைகளிடம்தான் தெரிந்தது. நகரத்தில் இருமொழிப் பிள்ளைகளுக்கும் ஒருமொழிப் பிள்ளைகளுக்கும் வித்தியாசம் இல்லை. வறுமையையும் பள்ளிக்கூடத்தின் தரத்தையும் அளந்துவிட்டு மொழியின் மேல் பழி போட்டார்கள் என்பது என் கருத்து. 1962இல் கனடாவின் மான்ட்ரியல் நகரில் எலிசபெத் பீலும் வாலஸ் லாம்பர்ட்டும் குடும்பப் பின்னணியைச் சமப்படுத்திப் பத்து வயதுப் பிள்ளைகளை ஒப்பிட்டபோது, இருமொழிப் பிள்ளைகளே முன்னால் நின்றார்கள். ஆராய்ச்சி உலகம் அதோடு திசை மாறிவிட்டது. மருத்துவமனை வராந்தாவுக்கு அந்தச் செய்தி இன்னும் முழுதாக வந்துசேரவில்லை.

‘அது சாதாரணப் பிள்ளைகளுக்கு, ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு இரண்டாவது மொழி சுமைதானே’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கு நேரடியாகப் பதில் தேடிய ஆய்வுகள் 2012 வாக்கில் அடுத்தடுத்து வந்தன. கேத்தரின் ஹாம்ப்லி, எரிக் ஃபோம்போன் இருவரும் மான்ட்ரியலில் ஆட்டிசம் உள்ள 75 குழந்தைகளைப் பார்த்தார்கள். இருமொழிச் சூழலில் வளர்ந்தவர்களுக்குப் பேச்சில் கூடுதல் தாமதம் எதுவும் இல்லை. முதல் வயதுக்குள்ளேயே இரண்டு மொழியும் கேட்ட குழந்தைகளுக்கும், இரண்டாவது மொழியைப் பிறகு கேட்கத் தொடங்கியவர்களுக்கும் இடையிலும் வேறுபாடு இல்லை. வான்கூவரில் சீனமும் ஆங்கிலமும் பேசும் வீட்டுக் குழந்தைகளிடமும், நியூயார்க்கில் ஸ்பானிஷும் ஆங்கிலமும் கேட்டு வளர்ந்த சின்னஞ்சிறு குழந்தைகளிடமும் இதே முடிவு கிடைத்தது. பின்னர் இவற்றையெல்லாம் தொகுத்துப் பார்த்த மதிப்பாய்வுகளும் இருமொழியால் கெடுதல் என்பதற்குச் சான்று காணவில்லை. ஆட்டிசம் பேச்சைத் தாமதப்படுத்துகிறது. இரண்டாவது மொழி அந்தத் தாமதத்தைக் கூட்டுவதில்லை.

கெடுதல் இல்லை என்பதோடு நின்றுவிடாமல், நன்மை உண்டா என்றும் சிலர் தேடினார்கள். மான்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் அனா மரியா கொன்சாலஸ்-பரேரோவும் அபர்ணா நாடிக்கும் செய்த சோதனையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கணினித் திரையில் ஒவ்வொன்றாகப் படம் வரும்: நீல முயல், சிவப்புப் படகு. முதலில் விதி நிறம். நீலமாக இருந்தால் ஒரு பக்கம், சிவப்பாக இருந்தால் மறு பக்கம். பிள்ளை தட்டிக்கொண்டே போகிறது, சுலபம். திடீரென்று விதி மாறுகிறது: இனிமேல் நிறத்தைப் பார்க்காதே, உருவத்தைப் பார். முயல் இந்தப் பக்கம், படகு அந்தப் பக்கம். படங்கள் பழையவைதான். சற்றுமுன் சரியாக இருந்த விடை இப்போது தப்பு. கை பழைய விதிக்கே போகப் பார்க்கும். அதை நிறுத்திப் புதிய விதிக்குத் தாவ வேண்டும்.

ஆட்டிசம் உள்ள பிள்ளையோடு வாழ்கிறவர்களுக்கு இந்தத் தாவல் எவ்வளவு கடினம் என்று சொல்லத் தேவையில்லை. வழக்கமான தெருவில் போகாமல் வேறு தெருவில் வண்டியைத் திருப்பினால் அழுகை. மஞ்சள் தட்டுக்குப் பதில் வெள்ளைத் தட்டு வைத்தால் அன்று சோறு இறங்காது. மேலே சொன்ன சோதனையில் கலந்துகொண்டவர்கள் 6 முதல் 9 வயதுக்குட்பட்ட 40 பிள்ளைகள். பாதிப் பேருக்கு ஆட்டிசம், அவர்களில் பாதிப் பேர் இருமொழியாளர்கள். ஆட்டிசம் உள்ளவர்களில் இருமொழிப் பிள்ளைகள் விதி மாறியபோது ஒருமொழிப் பிள்ளைகளைவிட நன்றாகச் சமாளித்தார்கள்.

இது ஏன் நடக்கலாம்? இரண்டு மொழி தெரிந்தவரின் மூளையில் இரண்டும் எப்போதும் விழித்தே இருக்கின்றன. ‘வா’ என்று சொல்லும் அதே நொடியில் ‘ரா’வும் நாக்கு நுனியில் நிற்கிறது; அதைப் பிடித்து நிறுத்தினால்தான் ‘வா’ வெளியே வரும். எதிரே இருப்பவர் யார், அவருக்கு எந்த மொழி என்று பார்த்துப் பார்த்து மாற்ற வேண்டும். ராஜபாளையத்துப் பிள்ளை வாசற்படியைத் தாண்டும்போதெல்லாம் இந்தப் பயிற்சியைச் செய்கிறது. நிறத்திலிருந்து உருவத்துக்குத் தாவும் திறனும் இதே வேலையின் இன்னொரு வடிவம்தான் என்பது ஆய்வாளர்களின் விளக்கம்.

அளவோடு சொல்ல வேண்டியதும் இருக்கிறது. ஒரு பிரிவுக்குப் பத்துப் பிள்ளைகள் என்பது சிறிய எண்ணிக்கை. திரையில் தெரிந்த நன்மை, அன்றாட வாழ்க்கையைப் பற்றிப் பெற்றோர் நிரப்பிய படிவத்தில் தெரியவில்லை. இருமொழியால் மூளைக்குக் கிடைப்பதாகச் சொல்லப்படும் நன்மை பொதுவாகவே அறிவியலாளர்களிடையே சூடான விவாதத்தில் இருக்கும் விஷயம். டொரான்டோவின் எலன் பியாலிஸ்டாக் அதை நிறுவப் பல ஆண்டு உழைத்தார். மறுப்பவர்களும் வலுவாக மறுக்கிறார்கள். ஆட்டிசத்தைப் பொறுத்தவரை, மெக்கில் சோதனைக்குப் பின் வந்த ஆய்வுகள் தராசைக் கொஞ்சம் நன்மையின் பக்கமே சாய்க்கின்றன. கிரேக்க நாட்டில் எலேனி பெரிஸ்தேரியின் குழு ஆட்டிசம் உள்ள 103 பிள்ளைகளைச் சோதித்தது. அடுத்தவர் மனதில் என்ன நினைக்கிறார் என்று ஊகிப்பதில் இருமொழிப் பிள்ளைகள் மேலாக இருந்தார்கள். லாஸ் ஏஞ்சல்ஸில் லூசினா உத்தினின் குழு 2024இல் வெளியிட்ட ஆய்வில் 7 முதல் 12 வயதுள்ள 116 பிள்ளைகள்; பல மொழி பேசும் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தன்னைக் கட்டுப்படுத்துவதும் பிறர் நிலையில் நின்று பார்ப்பதும் கூடுதலாக வருவதாகப் பெற்றோரே மதிப்பிட்டிருந்தார்கள். இதை வைத்து ‘ஆட்டிசத்துக்குத் தெலுங்கு மருந்து’ என்று யாரும் எழுத வேண்டாம். பேச்சே வராத பிள்ளைகள் இந்த ஆய்வுகளில் மிகக் குறைவாகவே இடம்பெற்றிருக்கிறார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. வீட்டு மொழியை நிறுத்தினால் லாபம் என்று காட்டிய ஆய்வு மட்டும் இந்த வரிசையில் எங்கும் இல்லை.

நிறுத்துவதால் வரும் நஷ்டமோ கண்கூடு. அமெரிக்காவில் தமர் கிரெமர்-சாட்லிக் 2005இல் எழுதிய ஆய்வுக்கட்டுரை, ஆங்கிலம் மட்டும் பேசுங்கள் என்று அறிவுறுத்தப்பட்ட குடியேறிகளின் வீடுகளைப் பற்றியது. ஆங்கிலம் சரளமாக வராத பெற்றோர் பிள்ளையிடம் பேசுவதே குறைந்துபோனது. வீட்டில் மற்றவர்கள் தங்கள் மொழியில் பேசிச் சிரிக்க, அந்தப் பிள்ளை மட்டும் வெளியே நின்றது. சமூக உறவில் ஏற்கெனவே தடுமாறும் குழந்தையைச் சாப்பாட்டு நேரத்துப் பேச்சிலிருந்தும் விலக்கிவைத்தது அந்த அறிவுரை. தாய்மொழியில் விளையாடும்போது பெற்றோரின் குரலில் உணர்ச்சி கூடுகிறது, விளையாட்டு நீள்கிறது என்று 2000இல் வெளியான இன்னோர் ஆய்வும் காட்டியிருக்கிறது. 2011இல் ரஸல் லாங்கின் குழு, ஸ்பானிஷ் பேசும் வீட்டிலிருந்து வந்த, ஆட்டிசம் உள்ள நான்கு வயதுச் சிறுமி ஒருத்திக்கு ஒரே பயிற்சியை ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தது. ஸ்பானிஷில் சரியான விடைகள் அதிகம், முரண்டு பிடிப்பது குறைவு. ‘அடம்’ என்று நாம் பெயர் வைக்கும் எத்தனையோ, சொன்னது புரியாததால் வரும் தவிப்பாக இருக்கலாம்.

நம் ஊர்ப் பெற்றோர் பலர் சொல்லும் ஒரு விஷயம் இங்கே குறுக்கே வரும். “என்னை அம்மான்னு கூப்பிட மாட்டேங்கிறான். ஆனா யூடியூப்ல வர்ற ரைம்ஸ் எல்லாம் இங்கிலீஷ்ல அப்படியே சொல்றான். ஏ டு இசட், கலர் பேரு, வண்டிப் பேரு எல்லாம் தெரியும்.” இதைப் பார்த்து, ‘அவனுக்கு இங்கிலீஷ்தான் வரும்போல’ என்று வீடே ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறது. இந்த நிகழ்வு நம்மிடம் மட்டும் இல்லை. துனிசியாவில் தெருவிலும் வீட்டிலும் பேசுவது துனிசிய அரபி. ஏட்டு அரபி தொலைக்காட்சிக்கும் பாடப்புத்தகத்துக்கும் உரியது. அங்கே ஆட்டிசம் உள்ள சில குழந்தைகள் வீட்டில் யாருமே பேசாத அந்த ஏட்டு அரபியில் பேசுவதை மிக்கைல் கிஸின் குழு 2019இல் பதிவுசெய்தது. கார்ட்டூனிலிருந்து கற்றிருக்கிறார்கள். டப்பிங் கார்ட்டூன் பார்த்து, “எனக்குப் பசிக்கிறது, உணவு வேண்டும்” என்று புத்தகத் தமிழில் பேசும் பிள்ளையைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

திரை பதில் கேட்பதில்லை. அது ஒவ்வொரு முறையும் அதே ராகத்தில் அதையே சொல்கிறது. மனித முகத்தின் ஓயாத மாற்றத்தில் திணறும் பிள்ளைக்கு அந்தத் திரும்பச் சொல்லல் பிடித்துப்போகிறது, சொற்கள் பதிகின்றன. அது உண்மையான கற்றல்தான், அதை மதிக்க வேண்டும். ஆனால் பேச்சு என்பது கொடுத்து வாங்குவது. அது அம்மாவோடும் அவ்வாவோடும்தான் நடக்கும், அவர்களுக்கு வாயில் வரும் மொழியில்தான் நடக்கும். பிள்ளை ஆங்கிலப் பாட்டைப் பாடினால் கூடச் சேர்ந்து பாடுங்கள். பாட்டில் நாய் வரும்போது உங்கள் மொழியிலும் நாயைச் சொல்லுங்கள். பிள்ளையின் ஆங்கிலத்தை விரட்டவும் வேண்டாம், அதற்காக வீட்டுப் பேச்சை மாற்றவும் வேண்டாம்.

நாய் என்றதும் இந்த ஊரில் சொல்ல வேண்டியது ஒன்று. பேச்சுப் பயிற்சியாளர் நாய்ப் படத்தைக் காட்டி, “இது என்ன?” என்கிறார். பிள்ளை “குக்க” என்கிறது. தெலுங்கில் சரியான விடை. தெலுங்கு தெரியாத பயிற்சியாளரின் காதில் அது பொருளற்ற ஒலி. நம் நாட்டில் ஆட்டிசத்தை அளக்கவும் ஊனச் சான்றிதழ் கொடுக்கவும் பயன்படும் ‘இசா’ அளவுகோல் 2009இல் செகந்திராபாத்தில் உள்ள, அறிவுத்திறன் குறைபாட்டுக்கான தேசிய நிறுவனத்தால் உருவாக்கப்பட்டது. அதில் 40 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். மொத்தம் 70ஐ எட்டினால் ஆட்டிசம் என்று கணக்கு. பொருளற்ற சொற்களைப் பேசுகிறதா என்பது அந்த 40இல் ஒன்று. ‘குக்க’ எந்தக் கட்டத்தில் விழும் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொரு கேள்வி ‘நான்’, ‘நீ’ மாறுவதைப் பற்றியது. 1943இல் லியோ கானர் 11 குழந்தைகளை விவரித்து ஆட்டிசத்தை உலகுக்கு அறிமுகப்படுத்தியபோதே இதைக் குறித்துவைத்தார். நம் வீட்டில் அது வேறு உருவில் வரும். தாகம் எடுத்த பிள்ளை, “தண்ணி வேணுமா?” என்று கேட்கும். அம்மா தன்னிடம் கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்கிறது. பொருள், எனக்குத் தண்ணி வேணும் என்பது. அதே பிள்ளை அவ்வாவிடம் போய், “நீளு காவாலா?” என்றால், தெரியாதவர்கள் இரண்டு குறை என்று எண்ணுவார்கள். நான் அதில் ஒரு பெரிய தேர்ச்சியைப் பார்க்கிறேன். எந்த வாக்கியம் யாருடையது, யாரிடம் எதைச் சொன்னால் தண்ணீர் வரும் என்று அந்தப் பிள்ளை பிரித்துவைத்திருக்கிறது. ஆளைப் பார்த்து மொழியை மாற்றுகிறது. அதற்கு அடுத்தவரின் மனதைக் கொஞ்சமாவது கணக்கில் எடுத்தாக வேண்டும்.

அதனால் சொற்களை எண்ணும்போது இரண்டு மொழியையும் சேர்த்து எண்ண வேண்டும். தமிழில் பதினைந்து, தெலுங்கில் இருபது சொல் வைத்திருக்கும் பிள்ளையைத் தமிழில் மட்டும் சோதித்தால் கிடைப்பது பாதிப் பிள்ளை. வீட்டுத் தெலுங்குக்கு எழுத்து இல்லை, அதெல்லாம் ஒரு மொழியா என்று கேட்பவர்களும் உண்டு. ஹைதராபாத்தில் சுவர்ணா அல்லாடி 648 மறதிநோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்து 2013இல் வெளியிட்ட முடிவை அவர்களுக்குச் சொல்வேன்: இருமொழியாளர்களுக்கு நோய் சராசரியாக நாலரை ஆண்டு தாமதமாக வந்தது, எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் அந்த வேறுபாடு இருந்தது. பேச்சில் மட்டும் வாழும் மொழியும் மூளையில் முழு மொழியாகவே வேலை செய்கிறது.

வாய்ப்பேச்சு வராத பிள்ளைக்கும் இது பொருந்தும். சென்னையில் வித்யா சாகர் அமைப்போடு சேர்ந்து அஜித் நாராயணன் உருவாக்கிய ‘ஆவாஸ்’ போன்ற, படத்தைத் தொட்டால் பேசும் செயலிகள் இப்போது இந்திய மொழிகளிலும் கிடைக்கின்றன. செயலி இல்லையென்றால் அட்டையில் படம் ஒட்டிக்கொள்ளலாம். அம்மா அந்தப் படத்தைத் தொட்டு வீட்டு மொழியில் சொல்ல வேண்டும், பள்ளியில் ஆசிரியை பள்ளி மொழியில் சொல்ல வேண்டும். படம் ஒன்றேதான்.

வீட்டைப் பயிற்சிக்கூடமாக்கும் வேலைக்கு முன்மாதிரி தூரத்தில் இல்லை. ராஜபாளையத்திலிருந்து தென்காசிப் பாதையில் போனால் ஆய்க்குடி. அங்கே எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் தொடங்கிய அமர் சேவா சங்கத்தின் களப்பணியாளர்கள் கிராமம் கிராமமாக வீட்டுக்கே போய், வளர்ச்சித் தாமதம் உள்ள குழந்தைகளின் அம்மாக்களுக்கும் பாட்டிகளுக்கும் பயிற்சியைச் சொல்லித்தருகிறார்கள். 2013 முதல் அரசின் குழந்தை நலத் திட்டத்திலும் மாவட்ட அளவில் தொடக்கநிலை இடையீட்டு மையங்கள் வந்திருக்கின்றன. அங்கன்வாடியிலும் பள்ளியிலும் கண்டறியப்படும் குழந்தைகளை அங்கே அனுப்புகிறார்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தைத் தனி ஊனமாக ஏற்றுக்கொண்டிருக்கிறது. இந்த ஏற்பாடுகளுக்குள் ஒரே ஒரு கேள்வியைச் சேர்க்கச் செலவே இல்லை: “இந்தக் குழந்தையிடம் யார் யார், எந்தெந்த மொழியில் பேசுகிறீர்கள்?” அதை முதல் நாளே கேட்டுக் கோப்பின் முதல் பக்கத்தில் எழுதிவைக்கும்படி மருத்துவர்களையும் பேச்சுப் பயிற்சியாளர்களையும் கேட்டுக்கொள்கிறேன். தெலுங்கு தெரியாவிட்டால் பரவாயில்லை. சோதிக்கும்போது அவ்வாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள்.

பெற்றோருக்கு: வீட்டு மொழியை விடச் சொல்கிறவரிடம், எந்த ஆய்வை வைத்துச் சொல்கிறீர்கள் என்று மரியாதையாகக் கேளுங்கள். பிள்ளை உங்களுக்குப் பதில் சொல்லாத நாட்களிலும் உங்கள் மொழியிலேயே பேசிக்கொண்டிருங்கள். ஏற்கெனவே நிறுத்தியிருந்தால் இன்றைக்கே மறுபடி தொடங்கலாம். இரண்டாவது மொழியைப் பிறகு கேட்கத் தொடங்கிய குழந்தைகளும் பின்தங்கவில்லை என்று ஹாம்ப்லி, ஃபோம்போன் இருவரின் மான்ட்ரியல் ஆய்வு காட்டியிருக்கிறது.